ஓமத்தண்ணீர் ஊற்றிய வாரம்

பிள்ளைகளே,

போன மாதம் உங்கள் மூத்த அண்ணனுடைய கல்யாணத்துக்காகக் கோயிலிலிருந்து அவனுடைய ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டை வாங்கி வந்தீர்கள். ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் சாமியார் பெயருக்குப் பதிலாகத் 'தகப்பனார்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், எல்லாரும் சிரித்தீர்கள். அப்பா எப்போது சாமியார் ஆனார் என்று சின்னவள் கேட்டாள். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டேன். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் நான் எதையும் கூட்டவில்லை.

இப்போது தீவின் வடகோடியில் மார்சிலிங்கில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றனவே, அதற்குக் கொஞ்சம் தள்ளி அப்போது ரப்பர் தோட்டம். அண்ணன் பிறந்த வருஷம் நாங்கள் அங்கேதான் லயத்து வீட்டில் இருந்தோம். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். நான் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தேன். மரம் வெட்டுகிறவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்குகிறவர்கள், வாளியில் கொண்டு வருகிற ரப்பர் பாலை நிறுத்துச் சீட்டில் எழுதவேண்டும்.

தோட்டத்தில் நம் வேதக்காரர்கள் இருபது குடும்பம் இருந்தோம். ஓடைக்கு இந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று. அதற்கென்று தனியாகச் சாமியார் கிடையாது. பட்டணத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் பெரிய கோயிலில் இருந்த வெள்ளைக்காரச் சாமியார்தான் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். புதுச்சேரியில் தமிழ் படித்தவர். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார். அங்கே ஆறு மணிப் பூசையை முடித்து, வழியில் இன்னொரு இடத்தில் ஒரு பூசை வைத்து, எங்களிடம் வந்து சேர மணி பத்தரை ஆகிவிடும். நன்மை, அதாவது பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் அதுவரைக்கும் எதுவும் சாப்பிடக்கூடாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய பழைய காரின் ஹாரன் கேட்டதும் யாராவது ஓடிப்போய்த் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். அதுதான் எங்கள் கோயில் மணி. பாய்த் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவர் பாவத்தையும் பாவசங்கீர்த்தனமாகக் கேட்பார். பிறகு அவர் பீடத்தில் லத்தீனில் பூசை வைப்பார், நாங்கள் பின்னால் தமிழில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்போம். பூசை முடிந்ததும் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்து அவருக்குச் சாப்பாடு. ஞானஸ்நானம், கல்யாணப் பேச்சு, புருஷன் பெண்டாட்டி வழக்கு எல்லாம் அந்தச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக முடியவேண்டும். ஒரு மணிக்குக் கார் போய்விடும்.

மற்ற ஆறு நாளும் எங்களுக்கு உபதேசியார்தான். அவரும் மரம் வெட்டுகிறவர். காலையில் பால்வாளி தூக்குவார், சாயங்காலம் மந்திரம் சொல்லிக்கொடுப்பார், செத்தவர்களுக்கு ஜெபம் சொல்லி அடக்கம் செய்வார். கையில் ஞானோபதேசப் புத்தகம் ஒன்று. அட்டை போய் வாழைநார் போட்டுக் கட்டியிருப்பார். அதில் இருப்பதை ஒரு எழுத்து கூட்டமாட்டார், குறைக்கவும் மாட்டார்.

அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை சர்வேசுரன் முகத்தைப் பார்க்காது. அதைக் கல்லறை வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன், சிலுவை இல்லாத சின்ன மேடு. இப்போது சாமியார்கள் ஆறுதலாக வேறு மாதிரி சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. இன்னொன்று, ஒரு தரம் செல்லுபடியாக ஞானஸ்நானம் கொடுத்த பிறகு அதே பிள்ளைக்கு இரண்டாம் தரம் கொடுப்பது தேவத்துரோகம். அந்த வாரம் இந்த இரண்டு விஷயத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

அண்ணன் திங்கட்கிழமை காலையில் பிறந்தான். எட்டு மாதத்துப் பிள்ளை. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரைக்குள் அடங்கிவிட்டான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்தார். நெஞ்சில் சளி இருக்கிறது, இவ்வளவு தூரம் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் வழியிலேயே குளிரில் போய்விடும், சூடாக வைத்துப் பாருங்கள் என்று சொல்லிச் சொட்டுமருந்து கொடுத்தார். இரண்டு போத்தலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, இரண்டு பக்கமும் வைத்தோம். பக்கத்து வீட்டு அக்காதான் எல்லாம் பார்த்துக்கொண்டார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். எங்களைவிட வயதில் மூத்தவர். வாய் கொஞ்சம் நீளம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கொட்டகையிலிருந்து வந்தபோது அறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. அக்கா துணி அலசப் போயிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உங்கள் அம்மா 'என்னங்க' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையின் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. மூச்சு இல்லை.

சாகப்போகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். தலையில் தண்ணீர் ஊற்றவேண்டும், ஊற்றும்போதே வார்த்தையைச் சொல்லவேண்டும். தண்ணீர்ப் பானை வெளியே அடுப்பங்கரையில் இருந்தது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அம்மாவின் தலைமாட்டில் ஒரு டம்ளரில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்து மூன்று தரம் ஊற்றி, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே என்று முழுவதையும் சொல்லி முடித்தேன். மூன்றாம் தரம் ஊற்றும்போது பிள்ளை ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு பூனைக்குட்டி மாதிரி அழுதது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன். மகனைக் காப்பாற்றியதோடு மோட்சத்துக்கும் வழி செய்துவிட்டேன் என்கிற பெருமை. அந்தப் பெருமை சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான்.

ஐந்து மணிக்கு உபதேசியார் வந்தார். என் கையைப் பிடித்துப் பாராட்டினார். வார்த்தையை எப்படிச் சொன்னேன் என்று திருப்பிச் சொல்லவைத்துத் தலையாட்டினார். பிறகு பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"என்னப்பா, ஓமம் வீசுது?"

உங்கள் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "தலமாட்டுல இருந்தது எனக்கு வச்சிருந்த ஓமத்தண்ணி" என்றாள்.

பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றுக்கு நல்லது என்று அக்கா கடைப் போத்தலிலிருந்து ஊற்றி வைத்திருந்தாராம். பார்த்தால் பச்சைத்தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். சாம்பிராணிப் புகையில் எனக்கு வாசனை தெரியவில்லை.

அக்கா வாசலில் நின்றுகொண்டே, அதுவும் தண்ணீர்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்று கேட்டார்.

"டீயும் தண்ணிதாம்மா. டீயில ஞானஸ்நானம் குடுக்க முடியுமா?" என்றார் உபதேசியார்.

"எங்க ஆத்தா என்ன ஊத்துனாலும் ஏத்துக்குவா. உங்க சாமிதான் டிரெசர் மருந்துப் போத்தல மோந்து பாக்குற மாதிரி மோந்து பாத்து வாங்குது."

நான் பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தேன், இப்போதே ஊற்றிவிடலாம் என்று. உபதேசியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல ஊத்துனது செல்லியிருந்தா? ரெண்டாவது ஊத்துனா தேவத்துரோகம்ப்பா. தெரிஞ்சே பண்ண நான் விடமாட்டேன்."

புத்தகத்தை அவிழ்த்துப் பார்த்தார். இயற்கையான தண்ணீர் என்று மட்டும் போட்டிருந்தது. ஓமத்தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாமி வரட்டும், கேட்போம் என்றார். ஞாயிறு வரைக்கும் பிள்ளை இருக்குமா என்று நான் கேட்டேன். அவர் வாழைநாரைத் திரும்பக் கட்டினார். முடிச்சு விழவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை, பிள்ளைகளே. அவருக்கும் பயம்.

புதன்கிழமை நான் வேலை செய்ததாகச் சொல்ல முடியாது. தராசு முள் ஒன்றைக் காட்ட, நான் வேறு ஒன்றை எழுதினேன். லயத்துப் பக்கமிருந்து யார் நடந்து வந்தாலும் எனக்குச் சேதி கொண்டு வருகிறார்கள் என்று எழுந்து நின்றேன். மூன்று தரம் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விஷயம் அதற்குள் தோட்டம் முழுக்கப் பரவியிருந்தது. பால் கொண்டு வந்த ஒருவர், "தம்பி, என் வாளியையும் மோந்து பாத்துட்டு எழுது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் பிள்ளைக்கு மறுபடியும் மூச்சு முட்டி, பிறகு தெளிந்தது.

அன்றைக்கே கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணியாரிடம் வியாழக்கிழமைக்கு லீவு கேட்டேன். பட்டணம் போய்ச் சாமியாரையே பார்த்துக் கேட்டுவிடுவது என்று முடிவு. உங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "நீங்க போயிட்டா இங்க யாரு?" என்றாள். போகாமல் எப்படி என்றேன். அவள் பிள்ளையைத் தன் நெஞ்சோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். புக்கிட் தீமா வழியாக அந்த பஸ் ஒவ்வொரு கடைக்கும் நின்று நின்று போனது. சாமியார் வீட்டுக்குப் போனபோது மணி எட்டரை இருக்கும். சாமி இப்போதுதான் கேலாங்குக்கு ஒரு புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் போனார், உட்காருங்கள், வந்துவிடுவார் என்று சமையல்காரர் பெஞ்சைக் காட்டிக் கோப்பி கொண்டுவந்து வைத்தார். எனக்கு உட்கார முடியவில்லை. கோப்பி அப்படியே இருந்தது. கேலாங்கில் எந்த வீடு என்று கேட்டுக்கொண்டு இன்னொரு பஸ் ஏறினேன். சந்து சந்தாக விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது, தரையில் தெளித்த தீர்த்தம் இன்னும் காயவில்லை. சாமி இப்போதுதான் கிளம்பினார் என்றார்கள். வந்தவர் வெறும் வாயோடு போகக்கூடாது என்று ஒரு தட்டில் கேசரியை வைத்துக்கொண்டு அந்த வீட்டம்மாள் வழியை மறித்தார். நின்றபடியே ஒரு வாய் விழுங்கிவிட்டு ஓடிவந்தேன்.

திரும்பி வந்தால் சாமி இன்னும் வரவில்லை. சமையல்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் சிராங்கூன் ரோட்டில் மேலும் கீழும் நடந்தேன். தேக்கா மார்க்கெட் வரைக்கும் போவேன், சாமியார் வீட்டுக் காலியான கார் கொட்டகையை நினைத்துக்கொண்டு திரும்புவேன். அப்படி நடக்கும்போது ஒரு நாட்டு மருந்துக் கடை கண்ணில் பட்டது. அலமாரியில் வரிசையாக ஓமத்தண்ணீர்ப் போத்தல். கால் தானாக நின்றது. உள்ளே போய், இந்த ஓமத்தண்ணீரில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் என்னைச் சுகாதார ஆபீஸிலிருந்து சோதிக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார் போல. முகம் மாறிவிட்டது. "யாரு சொன்னா தண்ணி கலக்குறோம்னு?"

"கலக்கறீங்கன்னு சொல்லலீங்க. தண்ணி இருக்கும்ல?"

"ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. என் பிள்ளைங்க மேல சத்தியமாச் சொல்றேன். பூராவும் ஓமச்சத்து."

பிறகு எனக்கு நடக்கவும் முடியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று அவர் பிள்ளைகள் மேல் ஆணையிட்டுச் சொல்கிறார். என் பிள்ளை அங்கே மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குச் சாமியார் வந்தார். காரை விட்டு அவர் இறங்குவதற்கு முன்பே சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சாமி என்று சொல்லி, அதே மூச்சில் முழுவதையும் கொட்டினேன். அவர் ஒரு காலை வெளியே வைத்தபடியே கேட்டார். பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். காலையில் இருந்தது என்றேன். கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"அந்தக் கடைக்காரரை விட்டுவிடு. அது செல்லுமா செல்லாதா என்று எனக்கும் நிச்சயமாகத் தெரியாது. நிச்சயம் தெரியாதபோது திருச்சபையில் ஒரு வழி உண்டு."

வழி இவ்வளவுதான். 'நீ இன்னும் ஞானஸ்நானம் பெறாதிருந்தால்' என்று முன்னால் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டு நல்ல தண்ணீரை ஊற்றவேண்டும். முதலில் ஊற்றியது செல்லியிருந்தால் இது ஒன்றும் இல்லை. செல்லாதிருந்தால் இதுவே ஞானஸ்நானம். தேவத்துரோகம் இல்லை. என்னை நான்கு தரம் சொல்லவைத்தார். உபதேசியாருக்கு இது தெரியாதா என்று கேட்டார். தெரியாது என்றேன். "நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை" என்றார். அவருக்கு மூன்று மணிக்கு ஒரு அடக்கம் இருந்தது, உடனே என்னோடு வர வழியில்லை. நீயே போய்ச் செய், மற்றச் சடங்கை ஞாயிற்றுக்கிழமை நான் செய்கிறேன் என்று என்னை அனுப்பினார்.

திரும்பும் பஸ்ஸில் அந்த வார்த்தை மறந்துவிடக்கூடாதே என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். டிக்கட் கொடுக்கிறவர் தமிழர். "அண்ணே, எறங்குற எடத்தச் சொல்லிட்டு ஜெபம் பண்ணுங்க லா" என்றார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஊர்ந்தது. முன்னால் போய் நின்றுகொண்டேன், நான் நின்றால் பஸ் வேகமாகப் போகும் என்பது போல.

லயத்துக்குப் போய்ச் சேர மணி ஐந்து. அழுகைச் சத்தம் ஏதும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அக்கா வெளியே வந்து, பிள்ளை தூங்குகிறது என்றார். நான் நேராகப் பானைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"வேணாம்" என்றாள் உங்கள் அம்மா. "நான் ஊத்திட்டேன்."

நான் பட்டணம் கிளம்பி ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு மறுபடியும் மூச்சு நின்றதாம். அவள் அக்காவைக் கூப்பிட்டு, குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வரச் சொல்லி, அக்கா பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க, தானே ஊற்றி, தானே வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். முன்னால் சேர்க்கவேண்டிய வார்த்தை அவளுக்கு எப்படித் தெரியும்? சேர்க்காமல்தான் சொல்லியிருக்கிறாள்.

தேவத்துரோகம் என்று உபதேசியார் சொன்னாரே, பயமாக இல்லையா என்றேன்.

"நீங்க கேக்கப் போயிட்டீங்க. அவரு புஸ்தகத்தப் பாத்துட்டு இருக்காரு. இது மூச்சு நிக்குது. நான் யாரைப் போய்க் கேக்க?" குரலை உயர்த்தவே இல்லை. "பாவம்னா எம்மேல இருக்கட்டும். பிள்ளை மேல இருக்கக் கூடாது."

செம்பு என் கையில் இருந்தது. சாமியார் சொல்லிக்கொடுத்த வார்த்தை நாக்கில் இருந்தது. எவ்வளவு தூரம் அலைந்து வாங்கி வந்த வார்த்தை! இப்போது நான் ஒரு தரம் ஊற்றினால் எல்லாம் முறைப்படி ஆகிவிடும். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சளி பிடித்த பிள்ளையை இன்னும் எத்தனை தரம் நனைப்பீர்கள் என்று கேட்டாள். நான் செம்பை வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் அந்தச் செம்புப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தேன். பிள்ளை பால் குடிக்க ஆரம்பித்திருந்தது. டிரெசர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டுச் சளி இறங்குகிறது என்றார். எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.

சனிக்கிழமை உபதேசியார் வந்து கேட்டார். சாமி சொன்ன வழியைச் சொன்னேன். தன் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார். முடிந்ததா என்றார். முடிந்தது என்றேன். யார் முடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு போனோம். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்துத்தான் கோயிலுக்கு வரவேண்டும் என்பது அப்போது வழக்கம். அதனால் அம்மா வீட்டில் இருந்தாள். அக்காதான் துணியில் சுற்றி எடுத்து வந்தார். வாசல் வரைக்கும் வந்து, ஞானத்தாயாக நின்ற உபதேசியார் மனைவியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். சாமியார் ஞானஸ்நானம் பதிகிற பெரிய புத்தகத்தைத் திறந்து வைத்து, பேனாவைத் திருகினார். உபதேசியார் பக்கத்தில் நின்றார்.

"நான் சொன்னபடி நீ செய்தாயா?"

இல்லை சாமி, அவள் செய்துவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சாமியார் நல்லவர், ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் உபதேசியார் அங்கேயே நிற்கிறார். விலக்கிய காரியத்தைத் தெரிந்தே செய்தவள் என்று இருபது குடும்பமும் அவளைப் பேசும் என்று பயந்தேன். அது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நான் ஊர் முழுக்க ஓடிக் கேசரி தின்றுவிட்டு வந்தேன், அவள் படுத்த பாயிலேயே எழுந்து உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டாள் என்று எல்லார் முன்னாலும் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"ஆமா சாமி" என்றேன்.

அவர் எழுதினார். அதைத்தான் நீங்கள் சர்ட்டிபிகேட்டில் பார்த்தீர்கள். பிறகு மற்றச் சடங்காகப் பிள்ளையின் நாக்கில் உப்பு வைத்தார், தைலம் பூசினார். தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றவேண்டியது முடிந்துவிட்டது அல்லவா? அண்ணன் உப்புக்கு முகத்தைச் சுளித்துக் கத்தினான். பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போனார்கள். பொய் சொன்ன நாக்கில் அதை வாங்கக்கூடாது என்று நான் போகவில்லை. பிள்ளையின் தகப்பன் ஏன் போகவில்லை என்று பின்னாலிருந்து பார்த்தார்கள். எனக்கு முதுகு எரிந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது அக்கா பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "தம்பி, உங்க சாமி மோந்து பாத்து வாங்குதுன்னு சொன்னேன்ல. இன்னைக்கு அதுக்கு மூக்கடைப்பு போலருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உங்கள் அம்மாவுக்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை தெரியாது, அவள் கேட்டதும் இல்லை. சாமி என்ன சொன்னார் என்று அன்றைக்குக் கேட்டாள். எல்லாம் சரி என்றார் என்றேன். சரியாகத்தான் இருக்கும் என்றாள். நான் பிறகு இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேனா என்று நீங்கள் கேட்கவேண்டாம். சொல்லியிருந்தாலும் அதை வைத்துச் சாமியார் புத்தகத்தைத் திருத்த முடியாது. அங்கே கேட்டதை வெளியே பயன்படுத்தக்கூடாது என்பது சட்டம். திருத்தவேண்டியவன் நான். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். உங்கள் அண்ணனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது உங்கள் அம்மா.

அன்று வீட்டுக்குப் போவதற்கு முன் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். முறைவீட்டுக்குச் சாமியாரும் மற்றவர்களும் சாப்பிடப் போய்விட்டார்கள். கோயிலைக் கூட்டிப் பாய் சுருட்டுவது அந்த வாரம் என் முறை. எங்கள் கோயிலில் வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். ஆண்கள் பக்கத்துப் பாய்களைச் சுருட்டி முடித்தேன். பெண்கள் பக்கம் போனபோது மூன்றாவது தூண் ஓரத்தில் ஒரு பாய். உங்கள் அம்மா எப்போதும் முழங்காலில் இருக்கிற இடம். நான் அதில் முழங்காலிட்டேன். அங்கிருந்து பார்த்தால் பீடத்தில் பாதி தெரியவில்லை, தூண் மறைத்தது. கல்யாணமாகி இரண்டு வருஷமாக அவள் அங்கிருந்துதான் பூசை கண்டாள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அங்கேயே இருந்துகொண்டு, "ஊத்துனது நான் இல்ல, அவ" என்று வாய்விட்டுச் சொன்னேன். தகரக் கூரையில் என் குரல் பெரிதாகக் கேட்டது. யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிறகு அந்தப் பாயைச் சுருட்டி மற்றவற்றோடு வைக்காமல், தூணை விட்டு இரண்டு முழம் தள்ளி விரித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.